கடைசி ஸ்டேஜ் வரை ஒரே பயணி

கமலாவின் ஜாக்கெட்டுக்குள் இருந்த சின்ன மணிபர்ஸில் நாலு ரூபாய் சில்லறையும், ஒரு விரல் அகலத்துக்கு ஒரு காகிதத் துண்டும் இருந்தன. சில்லறை தொலைந்தாலும் பரவாயில்லை. அந்தத் துண்டு மட்டும் யார் கண்ணிலும் படக்கூடாது.

எதிரே உட்கார்ந்திருந்தவளின் கண் என்னவோ அங்கேயே வந்து வந்து போனது.

தைலம்மாளுக்கு ஐம்பத்தாறு வயது. கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் பத்துக்கு எட்டு அறை, ஒரு பழைய டைப்ரைட்டர், காம்பு உடைந்த மூக்குக்கண்ணாடியை இழுத்துப் பிடிக்க ஒரு ரப்பர் பேண்டு. இருபத்திரண்டு வருஷம் ஊருக்கெல்லாம் மனு எழுதிய கை. பத்திரத்தைக் காணோம், இன்ஷூரன்ஸ் பாண்டைக் காணோம், அப்பா எழுதின உயிலைக் காணோம் என்று அலைகிறவர்கள் போலீஸ் ஸ்டேஷன் படியேறுமுன் இவளிடம்தான் வருவார்கள். காகிதத்துக்குக் கால் கிடையாது, யாராவது தூக்கிப் போனால்தான் போகும் என்பது அவள் கட்சி.

"மொதல்லேர்ந்து சொல்லு கமலா. அழுவாம சொல்லு. அழுதுக்கினே சொன்னா எனக்குப் பாதிதான் காதுல வுழும்."

கமலா சொன்னாள். புருஷன் வீரமுத்து, அரசு பஸ்ஸில் கண்டக்டர். வெள்ளிமலை ரூட்டிலேயே பதினோரு வருஷம். ரிட்டயராகி எட்டாவது மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே முடிந்துபோனது. பதினாறாம் நாள் காரியம் கழிந்த மறுநாள் வீரமுத்துவின் தம்பி சடையன் அவள் பாத்திரங்களைத் தெருவில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் பூட்டுப் போட்டான். இப்போது அவள் படுப்பது ஒரு டெய்லர் கடையில், தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில்.

"நீ அவருக்கு ரெண்டாந்தாரம். சரிதானே?"

"ஆமாங்கா. மொதல் சம்சாரம் தங்கமணி செத்து ரெண்டு வருசம் கழிச்சி, திருநாவலூர் கோயில்ல வெச்சித் தாலி கட்டினாரு. பதினாலு வருசமாச்சி. ரேஷன் கார்டுல பேரு சேக்கலாம், நாளைக்கி சேக்கலாம்னு அப்படியே போயிடுச்சி."

"சடையன் இன்னான்றான்?"

"சமைக்க வந்தவளாம் நானு. தங்கமணி உசுரோட இருக்கும்போதே வந்து ஒட்டிக்கினவளாம். கோயிலுக்கு வந்து பந்தியில உக்காந்து மூணு தடவ பாயசம் கேட்டவன்க்கா அவன். இப்ப கல்யாணமே நடக்கலன்றான். வாரிசு சர்டிபிகேட்டுக்கு நான் போட்ட மனுவுக்கு ஆட்சேபணை குடுத்துட்டான். இன்னிக்கி சாயங்காலம் நாலு மணிக்கி விசாரணை. எதனா ஆதாரம் இருந்தா கொண்டா, இல்லன்னா கோர்ட்டுக்குப் போயிக்கோன்னுட்டாங்க."

கோர்ட் என்றால் எத்தனை வருஷம் என்று அவளுக்குத் தெரியாது. அதுவரை எங்கே படுப்பது, எதைத் தின்பது என்பதும் தெரியாது. பூட்டிய வீட்டுக்கு முன்னால் நின்று இரண்டு பேர் அகலம் நீளம் அளந்துவிட்டுப் போனதை மட்டும் நேற்று பார்த்தாள்.

வாசல் நிலையில் சாய்ந்திருந்த அம்மாசி வாட்சைப் பார்த்தான். ஒரு காலத்தில் பஸ் கிளீனர், இப்போது ஜீப் டிரைவர், தைலம்மாளுக்கு வலது கை. வாய்க்குத்தான் பிரேக் கிடையாது.

"மணி எட்டரை. நாலு மணிக்கி இன்னும் ஏழரை மணி நேரம். ஏழரைன்னாலே எனக்கு ஆவாதுக்கா."

"உனக்குச் சனி வெளியேர்ந்து வர வேணாம், நாக்குலயே இருக்குது. கமலா, அவரு இன்னாதான் வெச்சிட்டுப் போனாரு?"

கமலா மடியிலிருந்த கண்டக்டர் தோல் பையை மேஜைமேல் வைத்தாள். "எல்லாத்தையும் எடுத்துக்கினு இத்த மட்டும் என் மேல வீசினான். ஆஸ்பத்திரில மூச்சு வாங்கும்போது, பையில டிரிப் ஷீட்டு இருக்குதுன்னாரு."

'கடைசி ஸ்டேஜைப் பாரு' என்று அவர் கூடவே சொன்னதைக் கமலா விழுங்கிவிட்டாள்.

பையில் ஒரு விசில், பென்சில் கட்டை, நாலாக மடித்த டிரிப் ஷீட். அதில் நாலே வரி.

கள்ளக்குறிச்சி, 117, பயணி 1.
கச்சிராயபாளையம், 2043, பயணி 1.
கோமுகி அணை, 88, பயணி 1.
கரியாலூர், 1562, பயணி 1.

"இது இன்னாடா அம்மாசி?"

"ஸ்டேஜுக்கு ஸ்டேஜு, கையில இருக்கிற டிக்கெட்டு நம்பரைக் கண்டக்டர் குறிச்சிக்கினே வருவாரு. செக்கிங் ஏறினான்னா மொதல்ல இத்தத்தான் கேப்பான்."

"தேதியப் பாரு."

அம்மாசி குனிந்து பார்த்தான். "ஆடி மாசம். அவரு ரிட்டயராகி நாலு மாசம் கழிச்சி! வேல போயும் டிரிப் அடிச்சிருக்காரே, கவர்மெண்டு மேல இன்னா விசுவாசம்!"

"டிக்கெட்டு நம்பர் போவப் போவ ஏறுமா, எறங்குமா?"

"ஏறும். எறங்கினா கண்டக்டரு உள்ள போவாரு."

"இதுல நூத்திப் பதினேழு, ரெண்டாயிரத்துச் சொச்சம், அப்பறம் எண்பத்தெட்டு. ஏறி எறங்கி ஏறுது." தைலம்மாள் பென்சில் கட்டையால் மூன்றாவது வரியைத் தட்டினாள். "இது டிக்கெட்டு இல்ல, காகிதத்தோட நம்பரு. ரிஜிஸ்டர் ஆபீசுல உயிலுக்குத் தனிப் புத்தகம். வருசத்துக்கு நூறு உயில் வந்தாலே ஜாஸ்தி. அதான் நம்பரு சின்னதா இருக்குது. கமலா, உன் வூட்டுக்காரரு உயில் எழுதி ரிஜிஸ்டரும் பண்ணியிருக்காரு."

கமலா எழுந்தே விட்டாள். "அப்ப இங்கயே போயி நகல் வாங்கிடலாமாக்கா?"

"மனு போட்டு, தேடி எடுத்து, நகல் கையில வர நாலு நாளாவும். நமக்கு ஒரிஜினல் வேணும். இன்னிக்கே வேணும். அம்மாசி, அந்த ரூட்டு கரியாலூரோட முடியுதா?"

"இல்லியே. வெள்ளிமலையில முடியும். அங்கதான் நைட் ஹால்ட்டு."

தைலம்மாள் ஷீட்டின் அடி ஓரத்தைக் கட்டைவிரலால் இப்படியும் அப்படியும் தடவினாள். அந்த ஓரம் நேராக இல்லை; பல் பல்லாக இருந்தது. கமலா முந்தானையை மணிபர்ஸ் இருந்த இடத்துக்கு மேலே இழுத்துவிட்டாள்.

"கடைசி ஸ்டேஜை எழுத மறந்துட்டாரு போல" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தைலம்மாள் செருப்பை மாட்டினாள். "வண்டிய எடு."

ரோட்டுக்கு வந்தால் டீக்கடை பெஞ்சில் சடையன். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத சிரிப்பு.

"இந்தாம்மா" என்றான். அண்ணன் போன நாளிலிருந்து அவன் வாயில் அண்ணி என்ற சொல் வந்ததேயில்லை. "நாலு மணி. மறந்துடாத. வராம இருந்தாலும் ஒண்ணும் குத்தமில்ல, உனக்கு அலைச்சல் கம்மி."

கமலா ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். பதில் சொல்லத் தகுதி உண்டா என்பதே அவளுக்கு அப்போது நிச்சயமில்லை.

காரணம் அந்தத் துண்டு.

ஷீட்டில் ஐந்தாவதாக ஒரு வரி இருந்தது. பதினேழாம் நாள் ராத்திரி, டெய்லர் கடையில், நாற்பது வாட் பல்பு வெளிச்சத்தில் அவள் அதைப் படித்தாள். 'வெள்ளிமலை, செல்லியம்மாள், பயணி 1.' நாலு ஸ்டேஜிலும் ஒரே ஒரு பயணி. இறங்குகிற இடத்தில் ஒரு பெண் பெயர். வாரத்தில் மூன்று ராத்திரி ஹால்ட் என்று மலையிலேயே தங்கிவிட்டு வருகிற மனுஷன், ஜென்மம் முழுக்க யாரைச் சுமந்துகொண்டு போனார் என்பதைப் போகும்போது எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்! ஊர் தன்னைச் சமைக்க வந்தவள் என்கிறது. இந்த வரியைப் பார்த்தால் இன்னும் என்ன சொல்லும்? கட்டிங் மேஜையில் கையில் கிடைத்த கத்தரியை எடுத்து நறுக்கிவிட்டாள். கிழித்துப்போட மட்டும் மனசு வரவில்லை. எவள் பெயராக இருந்தாலும் அவர் கையெழுத்து அது.

ஜீப் கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி மலையேறியது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அம்மாசி ஒரு கதை சொன்னான்.

"நான் டிக்கெட்டு எடுத்து வந்தப்ப, இந்த வளைவுலதான்க்கா ஒரு தடவ பஸ்ஸு ரிவர்ஸ் வந்துச்சி. வீரமுத்தண்ணன் விசில் ஊதினாரு பாரு, பஸ்ஸு நின்னுச்சோ இல்லியோ, பின்னாடி வந்த எருமை நின்னுடுச்சி."

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வளைவில் அவனுக்கும் சிரிப்பு நின்றது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று அச்சு முறிந்து ரோட்டின் குறுக்கே நின்றது. கிழங்கு மூட்டைகளை இறக்கி லாரியை ஓரம் கட்டுவதற்குள் ஒன்றேகால் மணி நேரம் போனது. கமலாவும் மூட்டை தள்ளினாள். உள்ளங்கை தோல் உரிந்ததை அவள் ஜீப்பில் ஏறிய பிறகுதான் கவனித்தாள்.

வெள்ளிமலையில் இறங்கும்போது மணி பன்னிரண்டரை. மார்கழிப் பனி அந்த நேரத்திலும் முழுசாக விலகவில்லை.

"ஒண்ணரைக்கி இங்கேர்ந்து கெளம்பினாதான் நாலுக்குள்ள போவலாம்" என்றான் அம்மாசி. பிறகு, பஸ் நிற்கும் இடத்தில் கடுக்காய் காயப்போட்டிருந்தவரைக் கேட்டான். "அண்ணே, ஹால்ட் பஸ்ஸுக்காரங்க எங்க தங்குவாங்க?"

"செல்லியம்மா வூட்டுலதான். அதோ, அந்த ஓட்டு வூடு. கண்டக்டரு வீரமுத்துக்கு அது சொந்த வூடு மாதிரியாச்சே!"

கமலா ஜீப்பின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நான் வரலக்கா. நீங்க போயிட்டு வாங்க."

தைலம்மாள் வற்புறுத்தவில்லை.

ஜீப் அந்த வீட்டு வாசலுக்கு இருபதடி தள்ளி நின்றது. எல்லாம் கேட்டது, எல்லாம் தெரிந்தது. முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். லட்சணமான முகம். தலையில் பூ வேறு. அவ்வளவு போதாதா கமலாவுக்கு?

"வீரமுத்து தெரியுங்களா?" என்று தைலம்மாள் ஆரம்பித்தாள்.

"தெரியும்ங்க. தவறிட்டாராமே. பாவம்."

"உங்ககிட்ட எதனா குடுத்து வெச்சாரா?"

"பொட்டி கிட்டி ஒண்ணும் இல்லீங்க."

அம்மாசி தொண்டையைக் கனைத்தான். "ஏன்க்கா, நாங்க பொட்டின்னே சொல்லலியே. கிட்டியும் சொல்லல."

செல்லியம்மாளின் கை ஒரு நொடி நின்று, மறுபடி புடைத்தது. "போன வாரம் ஒருத்தரு வந்து அப்படித்தான் கேட்டாருங்க. ஒரு கூடை ஆப்பிளு, ஸ்வீட்டு பாக்கெட்டு, சிரிச்ச மூஞ்சி. தங்கச்சி தங்கச்சின்னு ஒரு மணி நேரம் பேசினாரு. அவருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். என்கிட்ட ஒண்ணும் இல்ல."

"வெள்ளைச் சட்டையா?" என்றாள் தைலம்மாள்.

"ஆமாங்க."

தைலம்மாள் பொறுமையாகப் பேசினாள். நாலு மணி விசாரணையைச் சொன்னாள். ஒரு பெண் தெருவில் நிற்பதைச் சொன்னாள். கும்பிட்டாள். செல்லியம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். "கஷ்டமாத்தான் இருக்குது கேக்கறதுக்கு. வண்டியில இருக்கிறவங்கதானா? ஏன் எறங்கல? ஒண்ணுமே பேச மாட்டேன்றாங்களே!"

மணி ஒன்றைத் தாண்டியது. தைலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜீப்புக்குத் திரும்பி வந்தாள்.

"முடிஞ்சிது கமலா. போலாம்."

"அக்கா..."

"பொட்டி அங்கதான் இருக்குது. ஆனா குடுக்க மாட்டா. இன்னா பண்றது? ஒருத்தன் கடைசியா யாரை நம்பினானோ அவதான் அவனுக்கு எல்லாம். கீழ போயி சடையன்கிட்ட எதனா கேட்டு வாங்கிக்கினு ஒதுங்கிடு."

இவ்வளவு நேரம் தன் பக்கம் நின்றவளா இப்படிப் பேசுகிறாள்?

"அப்பறம், அந்தத் துண்டை எடு."

"எந்தத் துண்டு?"

"டெய்லர் கடைல துணி சாம்பிள் வெட்டற பல்லுக் கத்தரியால நறுக்கினியே, அது. ஷீட்டு ஓரத்தைப் பாத்ததும் தெரிஞ்சிது. நீ எங்க படுக்கறன்னும் நீயே சொல்லிட்ட. காலைலயே கேட்டிருந்தா கிழிச்சி வாயில போட்டிருப்ப. அதுல அவ பேரு இருக்குது. சரிதானே?" தைலம்மாள் குரலைத் தணித்தாள். "அழகாத்தான் இருக்கா. அவரைக் கொற சொல்ல முடியாது."

அம்மாசியே திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

கமலா ஜீப்பிலிருந்து இறங்கினாளா குதித்தாளா என்று அவளுக்கே தெரியாது. நாற்பது நாள் தொண்டையில் கிடந்தது எல்லாம் ஒன்றாக எழுந்து வந்தது. மணிபர்ஸைப் பிடுங்கித் திறந்தாள். சில்லறை மண்ணில் சிதறியது. துண்டைச் செல்லியம்மாளின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"நீதானே செல்லியம்மா? உன் பேருதானே இது? பதினோரு வருசம்! வாரத்துல மூணு ராத்திரி! நான் அங்க சோத்த வடிச்சி வெச்சிக்கினு, மழ வந்தா பஸ்ஸு எறங்குமோ எறங்காதோன்னு கெடப்பேன். நீ இங்க களி கிண்டிப் போட்டு அந்த மனுசனை மடக்கி வெச்சிருந்தியா? அவரு காக்கிச் சட்டைக்கிப் பட்டன் தச்சவ நானு! நின்னு நின்னு வீங்கின காலுக்கு எண்ண தேச்சவ நானு! கடைசி எழுத்துல உன் பேரா? பூ வேற வெச்சிருக்கியா நீ, பூவு! எம் புருசன் செத்து நாப்பது நாளுதான்டி ஆவுது!"

முறத்திலிருந்த சாமை தரையில் கொட்டியது. பக்கத்து வீடுகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. கமலா அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஊரே என்ன சமைக்க வந்தவன்னுது. நீயும் சொல்லிட்டுப் போ. அவரை வெச்சிக்க. அவரு நெனப்பையும் வெச்சிக்க. பொட்டியில நகை நட்டு இருந்தா அத்தயும் நீயே வெச்சிக்க. நான் அவரு பொண்டாட்டின்னு சொல்ற காகிதம் ஒண்ணு இருந்தா, அத்த மட்டும் குடுத்துடும்மா. உன் கால்ல வேணும்னாலும் வுழறேன்."

செல்லியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க! அந்தப் பொட்டிய எடுத்துக்கினு வாங்க. அக்கா வந்துட்டாங்க."

உள்ளேயிருந்து, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்தபடி, தகரப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். செல்லியம்மாளின் புருஷன் இருசப்பன். கண்டக்டர்கள் டிக்கெட் கட்டு வைக்கிற அதே மாதிரிப் பெட்டி.

"மரத்துலேர்ந்து வுழுந்து இவரு கால் ஒடைஞ்சப்ப, ஹால்ட் பஸ்ஸை விடியறதுக்கு முன்னாடியே எடுக்க வெச்சி, டிக்கெட்டுக்கு வீரமுத்தண்ணன் கைக்காசு போட்டு, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரில சேத்தாரு" என்றாள் செல்லியம்மாள். "ஆடி மாசம் இந்தப் பொட்டியக் கொண்டாந்தாரு. வூட்டுல வெச்சா தம்பி ஒடைச்சிடுவான்னாரு. பொங்கலுக்கு உங்களக் கூட்டியாந்து காட்டறேன், அதுக்குள்ள எனக்கு எதனா ஆயிட்டா என் வூட்டுக்காரி வருவான்னாரு. எப்டிண்ணா அடையாளம் தெரியும்னு கேட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

"நல்லாப் பேசிக்கினு வர்றவங்க யாருக்கும் குடுத்துடாதம்மா. ஷீட்டுல உன் பேரு எழுதியிருக்கேன். அத்தப் பாத்தா அவ எரிஞ்சிக்கினுதான் வருவா. வாசல்ல நின்னு உன்ன நாறடிப்பா. எவ திட்டறாளோ அவகிட்ட குடு, அவதான் கமலான்னாரு." செல்லியம்மாள் சிரித்தாள், அழுதாள். "ஏன்க்கா, இம்மாம் நேரம் வண்டியில உக்காந்துக்கினு ஒரு வார்த்த திட்டாம இருந்தா நான் இன்னான்னு நெனைக்கிறது?"

கமலா வாயைப் பொத்திக்கொண்டாள். "பாவி மனுசா" என்று அவளுக்கே கேட்காத குரலில் சொன்னாள்.

அம்மாசி தைலம்மாளைப் பார்த்தான். "உனக்குத் தெரிஞ்சிதானே கொளுத்திப் போட்ட?"

"நான் பேசினப்ப அவ என் மூஞ்சியப் பாக்கல, வண்டியத்தான் பாத்தா. ஏன் ஒண்ணும் பேசலன்னு வேற கேட்டா. இவ வாயத் தொறக்கறதுக்குத்தான் காத்திருக்கான்னு தெரிஞ்சிது. அது திட்டாத்தான் இருக்கும்னு நான் கண்டனா? இவளைப் பேச வைக்க எனக்கு வேற வழி தெரியல."

பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உருட்டி உருட்டி எழுதும் வீரமுத்துவின் எழுத்து. கீழே ஐந்து கவர்கள், ஸ்டேஜ் வரிசையில். கமலா படித்தாள்.

'கவர் 1. தங்கமணியின் இறப்புச் சான்று. எண் 117. கமலா, முதலில் இதுவா என்று கோபப்படாதே. இதைக் காட்டாமல் வேறு எதைக் காட்டினாலும் நீ என் மனைவி என்று ஏற்க மாட்டார்கள்.

கவர் 2. வீட்டுப் பத்திரம், எண் 2043.

கவர் 3. உயில், எண் 88. பதிந்தாகிவிட்டது.

கவர் 4. திருநாவலூர் கோயில் கல்யாண ரசீது, எண் 1562. பின்பக்கம் பார்.

கவர் 5. பி.எஃப்., பேங்க், போஸ்டாபீஸ். எல்லாவற்றிலும் நாமினி எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கிய நகல். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்.

பயணிகள் மொத்தம் 1. பெயர் கமலா.'

"இத்தனை வருசமா எத்தனையோ வூட்டுல பாக்கறேன்" என்று தைலம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "சொத்து சேக்கறவன் இருக்கான். காகிதம் சேக்கறவன் இல்ல. ஆனா இந்த மனுசன், எங்க இருக்குதுன்னு உன்கிட்ட வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா இத்தினி நாள் மெஷினுக்குப் பக்கத்துல படுத்திருக்க மாட்ட."

"திட்டாதீங்கக்கா" என்றாள் கமலா. "அவரை நான்தான் திட்டுவேன்."

மணி ஒன்று நாற்பது. அம்மாசி அந்த மலையை எப்படி இறங்கினான் என்பதை ஜீப்பின் டயரைத்தான் கேட்க வேண்டும். கமலா பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்திருந்தாள். கோமுகி அணையில் மூன்று பத்து. கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு கரும்பு டிராக்டர் வழிவிடாமல் பத்து நிமிஷம் உயிரை வாங்கியது. தாலுகா ஆபீஸ் படியில் அவள் கால் வைத்தபோது, உள்ளே சடையன் குரல் கேட்டது.

"அது வராதுங்க சார். வந்தா இன்னா காட்டும்? எழுதி முடிச்சிடுங்க."

"வந்துட்டேன்" என்றாள் கமலா. உள்ளங்கை காயம் பெட்டிக் கைப்பிடியில் ஒட்டி எரிந்தது.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். நாலாக இரண்டு நிமிஷம். "உக்காருங்க. என்ன கொண்டாந்திருக்கீங்க?"

ஸ்டேஜ் வரிசையிலேயே ஒவ்வொரு கவராக எடுத்து வைத்தாள். முதல் கவரைப் பிரித்தபோது சடையனின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. நாலாவது கவரில் அதிகாரி வெகு நேரம் நின்றார். தங்கமணி இறந்த தேதியை ஒருமுறை பார்த்தார், கல்யாண தேதியை ஒருமுறை பார்த்தார். இரண்டு வருஷம், ஒரு மாதம். ரசீதைத் திருப்பினார்.

"ஏங்க சடையன், இந்தக் கல்யாணம் நடக்கவே இல்லன்னுதானே எழுதிக் குடுத்திருக்கீங்க?"

"ஆமாங்க சார். சத்தியமா."

"அப்ப சாட்சின்னு போட்டு, 'சடையன், மாப்பிள்ளையின் தம்பி'ன்னு கையெழுத்து போட்டிருக்கிறது யாரு?"

அதிகாரி, சடையன் கொடுத்த ஆட்சேபணை மனுவை எடுத்து ரசீதுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு கையெழுத்திலும் 'டை'யின் கொம்பு ஒரே மாதிரி சுழிந்திருந்தது.

"பாயசத்துக்கு முன்னாடி போட்டது போல" என்றான் வாசலிலிருந்து அம்மாசி. "அதான் நெனவில்ல."

சடையன் வெள்ளைச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். மெல்ல எழுந்து கமலா பக்கம் வந்தான். நாற்பது நாளாக வராத சொல் அவன் வாயில் வந்தது.

"அண்ணி... நமக்குள்ள பேசிக்கலாம் அண்ணி. ரத்த சொந்தம் நானு. எனக்கும் அதுல ஒரு எடம் இருக்குதில்ல?"

கமலா பெட்டியை மூடினாள். டிரிப் ஷீட்டை எடுத்து மேஜைமேல் விரித்து, பல் பல்லாக வெட்டிய துண்டை அதன் அடியில் பொருத்தி வைத்தாள். ஒரு பல் பிசகாமல் ஒட்டியது. ஐந்து வரி. ஐந்திலும் ஒன்று.

"உங்கண்ணன் ஒரு டிக்கெட்டுதான் போட்டிருக்காரு" என்றாள். "வூட்டுச் சாவியக் குடுத்துட்டு எறங்கு."